கொள்ளிடத்து மீனுக்கு எத்தனை கன அடி வேண்டும்? முக்கொம்பு முதல் கல்லணை வரை ஒரு நீர்வழிப் பயணம்!

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் சுமார் 18 கி.மீ. மேற்கே போனால் முக்கொம்பு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பூங்காவில் கால் வைக்க இடம் இருக்காது. புளியோதரை டப்பா, தயிர்சாத டப்பா, ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகள், மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தடவும் தள்ளுவண்டி. கதவணைப் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் போனால் செல்ஃபி. போகாவிட்டால், "என்னப்பா, வெறும் மணலா கெடக்கு" என்று ஒரு பெருமூச்சு.

பெருமூச்சு விடுகிற அந்த இடத்தில்தான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் சிக்கிக்கொண்ட மண்திட்டுதான் ஸ்ரீரங்கம். ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பது இந்தத் தீவில்தான். திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரரும் இதே தீவுக்காரர்தான். கிழக்கே சுமார் 30 கி.மீ. தள்ளி, கல்லணை அருகே இரண்டு ஆறுகளும் மறுபடி தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்து, கைகுலுக்காமலே விலகிப் போகின்றன.

மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரில் தெற்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்பதை முக்கொம்பின் கதவுகள் தீர்மானிக்கின்றன. பாசனத்துக்கான தண்ணீர் காவிரியில் போகும், மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. பெயரே அதைத்தான் சொல்கிறது. காவிரி தாங்காத வெள்ளத்தைக் 'கொள்ளும் இடம்' கொள்ளிடம். வெள்ளம் வந்தால் கடல் போல இருக்கும். வராவிட்டால் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணல், அங்கங்கே குட்டை.

அந்தக் குட்டைகளில் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்தப் பயணம்.

கொள்ளிடம்தான் பெரிய ஆறு!

முக்கொம்பில் நிற்கும்போது ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டால் ஆறு வேறு மாதிரித் தெரியும். 1830-களுக்கு முன்பு நிலைமை தலைகீழ். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, பாதையும் நேரானது. தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தானே தேடும்? ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் தண்ணீர் கொள்ளிடத்துக்கே ஓட, காவிரியின் தலைப்பு மணல் மூடி மேடாகிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் வயல்கள் காயத் தொடங்கின. இதற்கு மருந்தாக ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணீரை முட்டுக்கட்டை போட்டுக் காவிரிப் பக்கம் திருப்பினார். டெல்டா பிழைத்தது. தஞ்சைக்காரர்கள் இன்றும் காட்டனை நன்றியோடு நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால், ஒரே நாளில் இடம் மாறிப்போனவர்கள் சிலர் உண்டு. அதுவரை கொள்ளிடம் வழியாகக் கடலுக்கும் மேட்டுக்கும் போய்வந்து கொண்டிருந்த மீன்களுக்கு நடுவழியில் சுவர் முளைத்தது. அதே 1836-ல், கும்பகோணத்தைத் தாண்டி அணைக்கரையில், கீழணையும் எழும்பியது. ஒரே ஆறு, ஒரே ஆண்டு, இரண்டு சுவர்!

காட்டன் கட்டிய மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து போயின. இப்போது பார்வையாளர்கள் பார்ப்பது அதன் பிறகு கட்டிய புதிய கதவணை.

உல்லம் என்றொரு விருந்தாளி

வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா மீன் ஒரு காலத்தில் திருச்சி சீமைக்கும் சொந்தம். தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். கடலில் வளரும்; முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். கொள்ளிடத்து முகத்துவாரத்தில் நுழைந்து, புதுவெள்ளத்தை எதிர்த்து நீந்தி வரும். உள்ளே வரச் சொல்லும் அழைப்பே வெள்ளம்தான். கலங்கலான நன்னீர் கடலில் கலக்கிற வாசனையைப் பிடித்துக்கொண்டே அது ஆற்றைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீர் கடலைத் தொடாத ஆண்டில் உல்லத்துக்குப் பத்திரிகையே வராது!

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய தன் அறிக்கையை 1873-ல் வெளியிட்டார். ஆறுகளின் குறுக்கே எழும் அணைகள் வலசை வரும் மீன்களின் வழியை அடைக்கின்றன என்று அதில் எச்சரித்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கொள்ளிடத்திலேயே உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்க முயன்றார்கள். அந்த அளவுக்கு இந்த ஆற்றில் உல்லம் முக்கியமாக இருந்திருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மழைக்கால வெள்ளத்தின் பெரும்பகுதி அங்கேயே தேங்க, கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் நாள்கள் குறைந்தன. உல்லமும் அருகிப்போனது. இன்று திருச்சி மீன் மார்க்கெட்டில் உல்லம் என்று கேட்டால், கடைக்காரர் உங்கள் வயதை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

விலாங்கின் பாடு இதற்கு நேரெதிர். அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏற வேண்டும். ஒருவர் ஏறிவந்து முட்டையிட வேண்டும், இன்னொருவர் இறங்கிப்போய் முட்டையிட வேண்டும். இருவருக்குமே ஆறும் கடலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியில் அடிபடும் அந்தத் தண்ணீர்தான் இவர்களின் பாதை. அந்தத் தண்ணீர் போகாவிட்டால் உப்புநீர் முகத்துவாரத்திலிருந்து மேலே ஏறும் என்பது கொள்ளிடக் கரையின் கடைமடை விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும்.

அம்மா மண்டபத்தில் ஒரு காலண்டர்

முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறை. தர்ப்பணம் கொடுப்பவர்கள், எள்ளுருண்டைக்குக் காத்திருக்கும் காக்கைகள், படியில் துணி காயப்போடும் யாத்ரிகர்கள் என்று எந்நேரமும் சந்தடி. கடைசிப் படியில் கூட்டமாக வந்து பொரியைக் கொத்தும் சின்னச்சின்னக் கெண்டைகளைப் பிள்ளைகள் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று இங்கே நிற்க இடமிருக்காது. புதுமணத் தம்பதிகள் மாலையை ஆற்றில் விடுவார்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி என்று காவிரித் தாய்க்கு மசக்கைச் சீர். ஆடி மாதத்தில் நம்பெருமாளே இந்த மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டும் மஞ்சளும் சீராகக் கொடுக்கிறார். ஆறு கர்ப்பமாக இருக்கிறது என்பது ஐதிகம்.

மீன்களைப் பொறுத்தவரை அது ஐதிகம் மட்டுமல்ல. தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் ஆடியில் இங்கே வந்து சேரும்போதுதான் நம் கெண்டை இனங்கள் பலவும் சினை முற்றித் தயாராக இருக்கும். நீர்மட்டம் ஏறுவது, தண்ணீர் கலங்குவது, வெப்பம் ஓரிரு டிகிரி இறங்குவது, ஓட்டம் வேகமெடுப்பது... இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் அவை முட்டையிடும். இதில் ஒன்று குறைந்தாலும் சினையை உடம்பிலேயே கரைத்துவிட்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும் மீன்களும் உண்டு.

அதோடு முடிவதில்லை. பல கெண்டைகளின் முட்டை எதிலும் ஒட்டாது. ஓடுகிற தண்ணீரில் மிதந்தபடியே போய்ப் பொரிய வேண்டும். சுமார் 28 டிகிரி வெப்பத்தில் பொரிக்க 14 முதல் 18 மணி நேரம் ஆகும். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 மணி நேரத்தில் முட்டை போகும் தூரம் 27 கி.மீ. ஏறக்குறைய முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையிலான தூரம்! நடுவில் ஓட்டம் நின்றால் முட்டை மணலில் படிந்து மூச்சுத் திணறிச் சாகும். மீன் பண்ணைகளில் வட்டத் தொட்டி கட்டி, தண்ணீரை இரவு பகலாகச் சுற்றவிட்டுக் கொண்டிருப்பது இதற்காகத்தான். ஆறு இலவசமாகச் செய்த வேலையை அங்கே மோட்டார் செய்கிறது.

இப்போது ஜிலேபி மீனை யோசித்துப் பாருங்கள். திலாப்பியா என்கிற அது இந்த ஊர்க்காரர் அல்ல, ஆப்பிரிக்கா பூர்வீகம். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தமிழகம் முழுக்கப் பரவியது. அது முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். வெள்ளம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். தேங்கிய குட்டை போதும். ஆற்றை நிறுத்திவைத்தால் யார் பிழைப்பார், யார் போவார் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் இதே அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்கு ஷவர் அமைத்திருக்கிறார்கள். பக்தர்கள் அதன் கீழே நின்று குளித்துவிட்டுப் போனார்கள். மனிதர்களுக்கு ஷவர் கிடைத்துவிட்டது.

கணுக்கால் தண்ணீரில் நீந்த முடியுமா?

சரி, மீனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கேட்பதற்குக் குழந்தைத்தனமாக இருக்கும் இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெனன்ட் என்பவர் 1976-ல் ஒரு சுலபக் கணக்கைச் சொன்னார். ஓர் ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் மீன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். 30 சதவிகிதம் இருந்தால் பரவாயில்லாமல் வாழும். 60 சதவிகிதம் இருந்தால் செழிக்கும். பிறகு இன்னும் நுட்பமான முறைகள் வந்தன. ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, அடிக்கு அடி ஆழம், வேகம், அடியில் இருப்பது மணலா கல்லா என்று அளந்து, எந்த அளவு தண்ணீர் விட்டால் எந்த மீனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடும் முறைகள்.

அவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஓடைகளில், டிரவுட், சால்மன் போன்ற ஒன்றிரண்டு மீன்களை மனத்தில் வைத்து வளர்ந்த முறைகள். நம் ஊர் வெந்நீர் ஆறு வேறு ரகம். ஒரே மடுவில் பத்து இனங்கள் இருக்கும். பத்துக்கும் பத்து விதமான ஆசை. வாளைக்கு ஆழமான மடு வேண்டும். அயிரைக்கு முழங்கால் ஆழம்கூட வேண்டாம், ஆனால் புதைந்துகொள்ள சுத்தமான மணல் வேண்டும். ஆராலும் உளுவையும் அடித்தரையை விட்டு வராது. விரால் கரையோரக் கோரைக்குள் குடும்பம் நடத்தும். வெண்கெண்டைக்கு ஓட்டம் வேண்டும். வாளைக்குப் பிடித்த அளவுக்குத் தண்ணீரை ஏற்றினால் அயிரையின் ஆழமற்ற மணல்பரப்பு மூழ்கும். அயிரைக்காகக் குறைத்தால் வாளையின் மடு சுருங்கும். அதனால் வெப்பநாட்டு ஆறுகளில் ஒற்றை மீனைப் பார்க்காமல், ஒரே மாதிரி இடத்தை விரும்பும் மீன்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொஞ்ச இடமாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கும் வழக்கம் வந்தது.

வெப்பம் இன்னொரு சிக்கல். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். சித்திரை வெயிலில் கொள்ளிடத்துக் குட்டை இதற்கும் மேலே கொதிக்கும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே நடந்து கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம் இருந்தது. அதன் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. பாலத்தின் நீளத்தைப் பார்த்தாலே ஆற்றின் அகலம் புரிந்துவிடும். இந்த அகலத்தில்தான் எல்லாக் கணக்கும் தோற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 1,000 கன அடி என்பது செய்தித்தாளில் பார்த்தால் பெரிய எண். அதைக் கொள்ளிடத்தில் 600 மீட்டர் அகலத்துக்குத் தட்டையாகப் பரவவிட்டு, விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் ஆழம் எவ்வளவு இருக்கும்? 16 சென்டிமீட்டர்தான். கணுக்காலைத் தாண்டி நாலு விரல். இரண்டடி நீளக் கெண்டை அதில் நீந்தாது, உருளும். அதே 1,000 கன அடி 60 மீட்டர் அகலத் தாழ்வாயில் இரண்டு மடங்கு வேகத்தில் போனால், முக்கால் மீட்டருக்கும் கூடுதல் ஆழம். மீன் தாராளமாகப் போகும், வரும். தண்ணீர் ஒன்றுதான். ஆற்றின் உருவம்தான் வேறு.

அந்தத் தாழ்வாயை ஆறே தனக்குத் தானே வெட்டிக்கொள்ளும். மணலைக் கண்ட இடத்தில் தோண்டினால் அது கலைந்துவிடும். ஓடை போய்ப் பள்ளங்கள் மிஞ்சும். பள்ளத்தில் தேங்கும் தண்ணீரைப் பார்த்து, 'மீனுக்கு இடம் இருக்கிறதே' என்று தோன்றலாம். வெள்ளம் வடிந்ததும் அது இடமல்ல, பொறி.

மூடும்போதுதான் மீன் சாகிறது

முக்கொம்பில் கொள்ளிடப் பக்கக் கதவுகள் திறக்கும்போது கூடும் கூட்டத்தைவிட, மூடியபின் கூடும் கூட்டம் வித்தியாசமானது. கையில் வேட்டி, கொசுவலை, பிளாஸ்டிக் கூடை. சர்ரென்று வடிந்த தண்ணீருக்குப் பின்னால் மணலில் துள்ளும் மீன்களை அள்ளிக்கொண்டு போவார்கள். அன்று அக்கம்பக்கத்துத் தெருக்களில் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு மணக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் எடுக்காவிட்டாலும் அவை மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பதும் மீனின் கணக்கு. நார்வேயில் நீர்மின் நிலையங்களுக்குக் கீழே மீன் குஞ்சுகள் கரையில் சிக்கிச் சாவதை ஆராய்ந்தவர்கள், நீர்மட்டம் மணிக்குச் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை பிழைக்கும் என்று கண்டார்கள். குளிர்நாட்டு எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாதுதான். ஆனால் கதவை ஒரேயடியாக இறக்காமல் ஒன்றரை நாளில் மெதுவாக இறக்குவது குறுவைக்கோ சம்பாவுக்கோ பெரிய இழப்பு இல்லை. மீன்களுக்காகச் செய்யக்கூடியவற்றில் ஆகக் குறைந்த செலவு இதுவாகத்தான் இருக்கும்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அடுத்த இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டு நிரம்ப, உபரி நீர் லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளிடத்தில் பாய்ந்தது. சில வாரங்களில் அதுவும் ஓய்ந்தது. ஆண்டு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் தண்ணீர் குறைவாகத் தெரியாது. மீனின் பார்வையில் அது பட்டினி, பிறகு திகட்டத் திகட்ட ஒரு விருந்து, மறுபடி பட்டினி.

காகிதத்தில் 10 டி.எம்.சி.

காவிரி வழக்கில் மீனுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு தந்தது. மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழகம் 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7. மீதி 14-ல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தமிழகத்தின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆகக் கூட்டியது. சுற்றுச்சூழலின் 10 டி.எம்.சி.யில் கைவைக்கவில்லை.

அந்தப் பத்தும் எப்படி வருகிறது? பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. வீதம் பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டும். அதாவது விநாடிக்குச் சுமார் 1,000 கன அடி. மேலே கணுக்கால் கணக்கில் பார்த்த அதே 1,000! அதுவும் வந்து சேருவது மேட்டூர் அணைக்கு. அங்கிருந்து திருச்சி வரை வரும் கோடைத் தண்ணீர் குடிநீருக்கானது. அது காவிரியில் வரும்வரை மீனுக்கும் லாபம்தான். ஆற்றில் ஓடும் பாசனத் தண்ணீரும் அப்படியே. வயலுக்குப் போகிற வழியில் மீனுக்கும் பயன்பட்டுவிட்டுப் போகிறது. ஸ்ரீரங்கத்தின் தென்கரை மீன்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவை. வடகரையில் ஓடும் கொள்ளிடத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை.

10 டி.எம்.சி.யை ஆண்டு முழுக்கப் பரப்பினால் விநாடிக்கு 317 கன அடி. 740-ல் அது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. கங்கைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஹரித்வார் வரையிலான மேல்கங்கையில், மாத வரத்தில் வறண்ட மாதங்களில் 20 சதவிகிதம், மழைக்காலத்தில் 30 சதவிகிதம் ஆற்றில் விட்டே ஆக வேண்டும் என்கிறது அது. அங்கே பருவத்துக்குப் பருவம் எண் மாறுவதைக் கவனிக்க வேண்டும். காவிரியின் பத்து டி.எம்.சி. நான்கு கோடை மாதங்களோடு நின்றுவிடுகிறது. மீன் முட்டையிடும் ஆடிக்கென்று அதில் ஒரு சொட்டும் தனியாக இல்லை.

ஆடியில் கேட்டால் குறுவைக்காரர் கோபப்படுவார். நியாயம்தான். மேட்டூர் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் தாமதம். அந்த நேரத்தில் கொள்ளிடத்தில் மீனுக்காகக் கதவைத் திறப்பது என்றால் ஊரே திரண்டு வரும். ஆனால் மீன் கேட்பது ஆண்டு முழுவதற்குமான பங்கல்ல. வெள்ளம் வரும் ஆண்டுகளில், 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வெளியேறியது போல 2 லட்சம் கன அடி போகும்போது, ஒரே நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் கடந்துவிடுகிறது. அந்த ஒரு நாள் அளவில் பாதியைப் பதினைந்து இருபது நாளுக்கு மெதுவாக நீட்டி விட முடிந்தால் மீன் குஞ்சுகள் நீந்தப் பழகிவிடும். இது நீர்ப்பங்கீட்டுச் சண்டையைக் காட்டிலும், கதவை இயக்கும் அட்டவணை பற்றிய விஷயம்.

மீன்வளத் துறை ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சுகளை விட்டுவருகிறது. நல்ல காரியம். விட்ட குஞ்சு வளர்ந்து தானே முட்டையிடும் அளவுக்கு ஆறு ஓடினால், அடுத்த ஆண்டு லாரியில் கொண்டுவரத் தேவையிருக்காது.

கல்லணையில் வறுவல்

பயணத்தின் கடைசி நிறுத்தம் கல்லணை. கரிகாலன் பேர் சொல்லும் அணை. 329 மீட்டர் நீளம். இங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனும் கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகும். மிஞ்சினால் கொள்ளிடம். பாலத்தின் மேல் கரிகாலன் யானை மீது உட்கார்ந்திருக்கிறார். புலிக்கொடி வேந்தர். மீன் பாண்டியர் சின்னம் என்பதாலோ என்னவோ, மீனுக்கென்று இங்கே ஒரு வாசலும் இல்லை! மதகுக்குக் கீழே நுரைக்கும் தண்ணீரில் மேலே ஏறப் பார்க்கும் மீன்கள் கூடும். அங்கேதான் தூண்டிலும் வீச்சுவலையும் காத்திருக்கும்.

அணைக்கருகே வரிசையாக மீன் வறுவல் கடைகள். மசாலா தடவித் தட்டில் அடுக்கியிருப்பதில் ஜிலேபி உண்டு, கட்லா உண்டு, ரோகு உண்டு. கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆறுகளிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவை. "ஆத்து மீனா, வளப்பு மீனா?" என்று கேட்காமல் யாரும் உட்காருவதில்லை. ஆற்று மீன்தான் என்று எந்தக் கடையிலும் பதில் வரும். கெளுத்தியோ ஆராலோ அயிரையோ கண்ணில் பட்டால் விலை கேட்காமல் வாங்கிவிடுங்கள் என்பது ஊர்க்காரர்கள் தரும் யோசனை.

போக நினைப்பவர்களுக்கு: முக்கொம்புக்கும் கல்லணைக்கும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. முக்கொம்பு, அம்மா மண்டபம், கொள்ளிடம் பாலம், கல்லணை நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆடியிலிருந்து மார்கழி வரை தண்ணீரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன்பு அன்றைய நாளிதழில் மேட்டூர் நிலவரத்தைப் பாருங்கள். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் இருக்கும். முக்கொம்பில் காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்றும் சில நாள்களில் போடுவார்கள். வெள்ள அபாய எச்சரிக்கை இருந்தால் கொள்ளிடத்துக்குள் இறங்கவே வேண்டாம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும், மேலும் கிழக்கே அணைக்கரை வரை போகிறவர்கள் கரையிலேயே நின்று பார்ப்பது நல்லது. அந்தப் பக்கத்துக் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன.